மடுவில் ஐந்து பேர்

சோயுனுக்குச் சொந்தக் குரல் என்று ஒன்று இருக்கிறதா என்பதில் அன்லோங் ரொமியட் ஊரில் பலருக்குச் சந்தேகம் உண்டு. காலையில் பல் துலக்கும்போது அவன் ஊர்த்தலைவர். வாக்கியத்துக்கு முன்னால் இரண்டு இருமல், பின்னால் ஒரு "ஆகவே". படகுத்துறைக்கு இறங்கி வருவதற்குள் வேன் ஓட்டுநர்களில் எவனோ ஒருவனாகிவிடுவான். துறைக்கு வந்துவிட்டால் வெளிநாட்டுக்காரர்கள். ஜெர்மன்காரர் என்றால் முதுகை நிமிர்த்தி, மணிக்கட்டைப் பார்த்து, "நான்கு மணி என்றீர்கள். இப்போது நான்கு மணி மூன்று நிமிடம்." பிரெஞ்சுக்காரி என்றால் உதட்டைப் பிதுக்கி ஒரு "ப்பூ", அவ்வளவுதான். ஆஸ்திரேலியாக்காரனுக்கு வசனமே வேண்டாம். பக்கத்தில் நிற்பவன் முதுகில் ஓங்கி ஒரு அறை.

"பத்துப் பேரா பேசறியே, அதுல ஒருத்தனாவது வீட்டுக்கு விறகு கொண்டுவரக் கூடாதா?" என்பாள் அவன் மனைவி மியாஸ். துறையில் மூங்கில் குழாயில் அடைத்துச் சுட்ட மூங்கில்சோறு விற்பவள் அவள். மூங்கிலைப் பிளந்துகொண்டே பேசுவாள். பிளக்கிற வேகத்தில் எதிரில் நிற்பவருக்குக் கொஞ்சம் பயம் வரும்.

"ஆகவே," என்று இருமுவான் சோயுன், "விறகு விஷயம் பரிசீலனையில் உள்ளது."

அந்த ஊருக்கு முன்னால் மேகாங் ஆறு அகன்று, நடுவில் ஒரு மடுவாக ஆழ்ந்து கிடக்கிறது. கோடையில் ஆறு வற்றி மணல்திட்டும் பாறையுமாக மாறினாலும் மடுவில் மட்டும் நாலு பனை உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். அங்கேதான் டால்பின்கள் இருந்தன. லாவோஸ் எல்லையிலிருந்து கிராச்சே நகரத்துக்குப் போகிற வேன்கள், தங்கள் உயரத்துக்கு மூட்டை சுமந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளை இங்கே ஒரு மணி நேரம் இறக்கிவிடும். அவர்கள் படகில் போய், டால்பினைப் பார்த்து, மூங்கில்சோறு தின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேன் ஏறுவார்கள். பதினேழு படகுகள். முறைவைத்துப் போகவேண்டும். ஊர் பிழைத்தது இப்படித்தான்.

டால்பின்கள் என்று சொன்னேன். ஆறு வருடமாக ஒன்றுதான்.

அவள் பெயர் நியாங். முதுகுத் துடுப்பில் ஒரு வெட்டு, உருண்ட தலை, எதையோ கேட்டு ரசித்ததுபோல மடங்கிய வாய். போன பிறவியில் மனுஷியாக இருந்தவள் என்பது ஊரில் யாரும் விவாதிக்காத விஷயம். அதனால் ஒருவரும் அவளைத் தொடமாட்டார்கள். பிறத்தியார் வீட்டுப் பெண்ணைத் தொடுவோமா? அவளோடு கடைசியாகச் சுற்றிக்கொண்டிருந்த ஆண் டால்பின் செத்துப்போன பிறகு, ஒரு மழைக்காலம் முழுக்க அவள் ஒரே இடத்தில் வட்டமடித்தாள். பிறகு மடு முழுக்கத் தனியாக உலாவத் தொடங்கினாள்.

அவள் ஐந்தானது அதற்குப் பிறகு. யாரும் உட்கார்ந்து பொய் சொல்லத் திட்டம் போடவில்லை. ஒருநாள் மாலை ஐந்து படகுகள் போயின. திரும்பி வந்த ஒவ்வொருவரும் சீட்டுக் கொடுக்கிற சரோம் அக்காவிடம், "ஒண்ணு பாத்தேங்கா" என்றார். பொய்யில்லை, பார்த்தார்கள். சரோம் அக்கா கூட்டினாள். துறையில் தொங்கும் கரும்பலகையில், 'இன்று கண்டவை: 5' என்று சுண்ணக்கட்டியால் எழுதினாள். கூட்டலில் ஒரு தப்பும் கிடையாது. மறுநாள் அந்த ஐந்தை அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. அதற்கு மறுநாள் அழிக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

பலகையில் ஐந்து இருக்கும்போது, வந்தவர்கள் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் முகம் தொங்கிவிடும். அங்கேதான் சோயுன் தேவைப்பட்டான். நியாங் இடப்பக்கம் முதுகு காட்டிவிட்டு மூழ்கியதும், எல்லோரும் அங்கேயே கேமராவை நீட்டிக்கொண்டிருப்பார்கள். சோயுன் படகின் பின்னால் குனிந்து, உள்ளங்கைகளைக் குவித்து, பல்லிடுக்கில் காற்றை விடுவான். "ப்ஃஃஹா." ஈரமான, சலித்துப்போன, கொஞ்சம் மீன்வாடை அடிக்கிற மூச்சு. கூடவே துடுப்பால் தண்ணீரில் ஒரு தட்டு. எல்லாத் தலையும் வலப்பக்கம் திரும்பும். அங்கே வளையம் விரிந்துகொண்டிருக்கும். "அய்யோ, தவறவிட்டோமே!" என்பார்கள். "ரெண்டாவது," என்பான் சோயுன் வருத்தமாக. "அது கூச்ச சுபாவம்."

இதில் அவனுக்குப் பெருமை இருந்தது. "என் படகுல போனா அஞ்சு. மத்தவன் படகுல போனா மூணு," என்பான்.

அந்த ஜனவரியில் ஆற்றுக்காவலர் இரண்டு பேரையும் மேலிடம் மாற்றிவிட்டது. துறைக்குப் பக்கத்தில் தகரக் குடிசை போட்டு, ஒரு படகை வைத்துக்கொண்டு, மடுவில் யாராவது வலை கட்டினால் இழுத்துப்போட்டு எரிப்பது அவர்கள் வேலை. மற்ற நேரத்தில் தூங்குவார்கள், மியாஸிடம் கடன் சொல்லி மூங்கில்சோறு தின்பார்கள். மேலே வேறொரு மடுவுக்குப் போகச் சொல்லிக் காகிதம் வந்திருக்கிறது என்று தலையணையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அவர்கள் போன அன்றே சோயுன் அவர்கள் இரண்டு பேரின் குறட்டையையும் தனித்தனியாக விட்டுக் காட்டினான். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது.

மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை, அந்தப் பச்சைப் பாட்டிலை முதலில் பார்த்தது சோயுனின் படகில் இருந்த ஒரு கொரியப் பையன். நியாங் மூச்சுவிட மேலே வந்தாள். அவளுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் ஒரு பச்சை பிளாஸ்டிக் பாட்டில் மிதந்து வந்தது. அவள் திரும்பினால் அதுவும் திரும்பியது. அவள் மூழ்கியதும் அது குத்துக்கல்லாய் நிமிர்ந்து, நடுங்கி, அதுவும் உள்ளே போயிற்று.

"விளையாடுது! பாட்டிலோட விளையாடுது!" என்று படகே கைதட்டியது.

சோயுன் துடுப்பை நிறுத்தினான். பாட்டில் எதற்கு என்று ஆற்றங்கரையில் பிறந்த எவனுக்கும் தெரியும். வலையின் மேல் ஓரத்தைத் தூக்கிப்பிடிக்க மிதவையாகக் கட்டுவது. கீழ் ஓரத்தில் ஈயக் குண்டுகள். இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத நைலான். அடுத்தமுறை அவள் வந்தபோது வாலடியில் அது சுற்றியிருப்பது தெரிந்தது. சதையை அறுத்து, வெளுத்து. மேலே வரும் ஒவ்வொரு முறையும் அந்த வலையையும் இழுத்துக்கொண்டு வரவேண்டும். எத்தனை நாளைக்கு இழுப்பாள்?

கரைக்கு வந்து சொன்னான். யார் வலை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

சரோம் அக்கா விசிறியைக் கீழே வைத்தாள். "வருஷப்பொறப்புக் கூட்டம் வர இன்னும் மூணு வாரந்தான் இருக்கு. இப்பப் போயி ஆபீசுக்குச் சொன்னா மடுவையே மூடிருவான். படகெல்லாம் கவுத்துப் போட்டுட்டு என்னடா பண்றது?"

"சொல்லலன்னா அவ செத்துருவாக்கா."

"பெரிய டால்பின்டா அது. பிச்சிக்கிட்டு வந்துரும். முன்னாடி ஒரு தடவை வரலியா?"

"அது தூண்டில் நரம்புக்கா. இது வலை."

அவன் இப்படிச் சாதாரணமாகப் பேசியதே சரோம் அக்காவுக்குக் கிலியை உண்டாக்கியிருக்க வேண்டும். விசிறியை எடுத்து அவன் பக்கம் ஒரு வீசு வீசினாள். "போன் பண்ணித் தொலை. ஆனா பாத்துப் பேசு."

வனவிலங்கு ஆபீசில் வுத்தா என்று ஒருவர். நல்ல மனிதர். போனை எடுத்தார்.

"சார், அன்லோங் ரொமியட்லேருந்து சோயுன் பேசறேன்."

"எந்தச் சோயுன்? எங்க டைரக்டர் குரல்ல பேசி, ஞாயித்துக்கிழமை எங்க எல்லாரையும் ஆபீசுக்கு ஓடிவர வச்சானே, அந்தச் சோயுனா?"

"அது... ஆமா சார். அது போன வருஷம் சார். இப்ப நெசமாவே பேசறேன். டால்பின் வால்ல வலை சுத்திக்கிச்சு. இழுத்துக்கிட்டுத் திரியுது."

"அடடா. அஞ்சுல எது?"

சோயுன் சரோம் அக்காவைப் பார்த்தான். அவள் பலகையைப் பார்த்தாள்.

"ஒண்ணுதான் சார்."

"ஒண்ணுதான் மாட்டியிருக்கு, புரியுதுப்பா. மத்த நாலும் நல்லாத்தான இருக்கு?"

"இல்ல சார். மொத்தமே ஒண்ணுதான். மத்த நாலு இல்ல."

 வுத்தா சிரித்தார். "திரும்ப ஆரம்பிச்சிட்டியா? தம்பி, உங்க பலகைய நானே போட்டோ எடுத்து மேல அனுப்பியிருக்கேன். சரி, வரோம். திங்கக்கிழமைதான் வரமுடியும். இங்க மேல் மடுவுல மூணே மூணுதான் இருக்கு, அதுல ஒண்ணு பால் குடிக்கிற குட்டி. படகு ஒண்ணுதான். விட்டுட்டு வந்தா இதுக்குப் பதில் சொல்ல ஆளில்ல."

"திங்கக்கிழமை வரைக்கும் தாங்காது சார்."

"கூட நாலு இருக்குல்ல? டால்பின் ஒண்ணுக்கொண்ணு முட்டுக்கொடுத்து மேல தூக்கும்ப்பா. தாங்கும்."

போனை வைத்துவிட்டு சோயுன் நேராகப் போய் ஐந்தை அழித்தான். ஒன்று என்று எழுதினான். சரோம் அக்கா வந்து ஒன்றை அழித்தாள். அவன் மறுபடி எழுதினான். அவள் சுண்ணக்கட்டியைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தாள்.

"இப்ப எழுதி என்னடா ஆகப்போவுது? நேத்து எழுதியிருக்கணும், இல்ல ஆறு வருஷத்துக்கு முன்னாடி எழுதியிருக்கணும். அப்பல்லாம் 'ரெண்டாவது, மூணாவது'ன்னு ஊதிக்கிட்டிருந்தது யாரு, நானா?"

பதினாறு படகுக்காரர்களும் கயிற்றைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்கள். மியாஸ் மட்டும் கத்தியைத் துடைத்து அவனிடம் நீட்டினாள், மூங்கில் பிளக்கிற கத்தி. "நாளைக்கும் உன் முறை வரும்ல?" என்றாள். "எடுத்துட்டுப் போ."

வெள்ளிக்கிழமை அவன் படகில் ஏறியவர்கள் இரண்டு டச்சுக்காரர்கள். ஃபெம்கெ என்று ஒரு பெண், தலையில் புழுதி படிந்த துண்டு. அவளோடு மரம்போல ஒரு தோழன். நாலு மாதமாக ஊர் ஊராகச் சுற்றுகிறார்களாம். போர்னியோவில் குரங்கு, தாய்லாந்தில் யானை, இங்கே டால்பின். துறையைத் தாண்டியதும் அவள் கேட்டாள், "ஐந்தையும் பார்த்துவிடலாமா?"

"ஒன்றுதான் இருக்கிறது," என்றான் சோயுன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். "அவளுக்கும் உடம்பு சரியில்லை. நான் தண்ணீரில் இறங்கவேண்டும். படகைப் பிடித்துக்கொள்ள முடியுமா?"

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தான். அவள் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுத் துடுப்பை எடுத்தாள்.

ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். நியாங் முன்பெல்லாம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வருவாள். இப்போது அடிக்கடி வந்தாள். வந்து, தலையை மட்டும் நீட்டி, அவசரமாக இழுத்து, நழுவினாள். சோயுன் அவளைக் கிட்டே வரவைக்கப் பார்த்தான். கைகளைக் குவித்து அவளுடைய மூச்சை விட்டான். "ப்ஃஃஹா." அவள் வேறு பக்கம் போனாள். மறுபடி விட்டான். ஆறு வருடமாக இதை விட்டிருக்கிறான், ஒருமுறைகூட அவள் திரும்பிப் பார்த்ததில்லை. அது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. அவன் விட்ட மூச்சை நம்பியது மனிதர்கள் மட்டும்தான்.

கடைசியில் பாட்டில்தான் கிட்டே வந்தது. அவன் கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு குதித்தான். பாட்டிலைப் பிடித்தான். அந்த முனையில் அவள் மிரண்டு இழுத்தாள். நூறு கிலோவுக்கு மேல் இருப்பாள். சோயுன் அறுபதுகூட இல்லை. பொம்மைபோல அவனைத் தண்ணீருக்குள் கொண்டுபோனாள். காது அடைத்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டே அவள் வாலை நோக்கி ஏறப் பார்த்தான். முடியவில்லை. மூச்சு முட்டியது. வலையில் அவன் விரலும் சிக்கியது. அந்த இடத்தில் எவனும் செய்வதைத்தான் செய்தான். கைக்கு எட்டிய கயிற்றை அறுத்தான்.

மேலே வந்தபோது அவன் கையில் பச்சைப் பாட்டில் இருந்தது.

"செய்துவிட்டாய்!" என்று கத்தினாள் ஃபெம்கெ. அவள் தோழன் கைதட்டினான். சோயுன் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இருமினான். இது தலைவரின் இருமல் இல்லை. அவன் அறுத்தது மிதவை. வலை அவள் வாலிலேயே இருக்கிறது, ஈயத்தோடு. இவ்வளவு நேரம் வலையின் பாரத்தில் பாதியைத் தூக்கிக்கொண்டிருந்தது அந்தப் பாட்டில்தான்.

 துடுப்பை வாங்கிக்கொண்டான். அவர்கள் இரண்டு பேரும் கரையில் அவனைக் கட்டிப்பிடித்து, படம் எடுத்துக்கொண்டு, வேன் ஏறினார்கள். ஜன்னலில் ஃபெம்கெ நெடுநேரம் கையசைத்துக்கொண்டே போனாள்.

"ஆச்சா?" என்றாள் மியாஸ்.

"மிதவைய அறுத்துட்டேன்."

 அவள் அவன் விரலில் நைலான் அறுத்த இடத்தில் துணியைச் சுற்றிவிட்டாள்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அவன் மடுவில் இருந்தான். மற்ற படகுக்காரர்கள் இரண்டு பேர் கொக்கிக் கழிகளோடு வந்தார்கள். பிறகு நாலு பேர். மத்தியானம் சரோம் அக்காவே வந்தாள், குடை பிடித்துக்கொண்டு, படகின் நடுவில் ஆடாமல் உட்கார்ந்து. காலையில் மூன்று முறை மூச்சுச் சத்தம் கேட்டது. பாட்டில் இல்லாததால் அவள் எங்கே வருவாள் என்று தெரியவில்லை. சத்தம் வந்த இடத்துக்குத் துடுப்புப் போடுவதற்குள் வளையம்தான் மிச்சம். மத்தியானம் ஒருமுறை கேட்டது. யாரோ, "டேய் சோயுன், நீ ஊதினியா?" என்றான். அவன் தலையாட்டினான், இல்லை என்று. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கீழ் மணல்திட்டில் ஒதுங்கியிருந்தாள். பிக்குகள் படகில் வந்து ஓதினார்கள். சரோம் அக்கா வீட்டிலிருந்து வெள்ளைத் துணி கொண்டுவந்து போர்த்தினாள். பெண்கள் பத்தி கொளுத்தி மணலில் குத்தினார்கள். வெயிலுக்காக மேலே ஓலை கட்டி, சாக்கை நனைத்து நனைத்துப் போட்டார்கள்.

சொன்னபடி திங்கட்கிழமை வுத்தா வந்தார். கூட ஒரு பெண் டாக்டர், அளவுநாடா, ஐஸ் பெட்டி. வுத்தா முதலில் ஆற்றைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். எதையும் காணாமல் திரும்பினார்.

"ஒரு முனையைப் பிடி," என்று நாடாவைச் சோயுனிடம் கொடுத்தார். சோயுன் நியாங்கின் மூக்கு நுனியில் நாடாவை அழுத்திப் பிடித்தான். அவன் விரல் அவள் மேல் பட்டது. வெயிலில் தோல் சூடாக இருந்தது.

"ரெண்டு மீட்டர் பதினாறு," என்றாள் டாக்டர். "வால்ல எலும்பு வரைக்கும் அறுத்திருக்கு. நாலஞ்சு நாளாவது இழுத்திருப்பா."

வுத்தா எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டே கேட்டார், "எத்தனை வருஷமா இவ ஒருத்திதான்?"

"ஆறு."

"ஆறு." அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "காவலுக்கு ரெண்டே பேர்தான் இருந்தாங்கன்னு உனக்குத் தெரியும்ல? மேல் மடுவுல மூணு, கீழ உங்க மடுவுல அஞ்சு. அஞ்சு இருக்கற எடம் தானா சமாளிச்சுக்கும், மூணு இருக்கற எடத்துக்குக் காவல் போடுங்கன்னு எழுதினது நான்தான். அந்தப் பலகை போட்டோவ வச்சு. ஒருத்திதான்னு தெரிஞ்சிருந்தா அந்த ரெண்டு பேரையும் இங்கேருந்து நகத்தியிருக்க மாட்டோம் தம்பி. அவங்க இருந்த வரைக்கும் வலை கட்டினானா எவனாவது?"

"இல்ல சார்."

"ம்," என்றார் வுத்தா. "மூக்குல நல்லா அழுத்திப் பிடி. சுத்தளவு எடுக்கணும்."

அவளைத் தார்ப்பாயில் சுற்றி ஐஸோடு வண்டியில் ஏற்றினார்கள். வண்டி மேடேறிப் போகும்வரை ஊர் நின்றது. பிறகு ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். யாரும் சோயுனைக் குறை சொல்லவில்லை. அவனைக் குறை சொன்னால் பதினேழு பேரையும் சொல்லவேண்டும். சரோம் அக்காவைச் சொல்லவேண்டும், சோறு விற்ற மியாஸைச் சொல்லவேண்டும். மிதவையை அறுத்தது அவன்தான் என்பது மியாஸைத் தவிர யாருக்கும் தெரியாது; பாட்டில் தானாகப் பிய்ந்துபோனது என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். அவள் அதை எப்போதும் யாரிடமும் சொல்லப்போவதில்லை. அவன் அப்படி அவளிடம் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

பதினோரு மணிக்கு எல்லையிலிருந்து முதல் வேன் வந்து நின்றது. இவர்களுக்குச் செய்தி தெரிந்திருக்க நியாயமில்லை. கதவு திறந்து மூட்டைகள் இறங்கின. கண்கூசிக்கொண்டு எட்டுப் பிள்ளைகள், காலில் புழுதிச் செருப்பு, தோளில் உரிந்த தோல். ஒருத்தி கழிப்பறை எங்கே என்று கேட்டாள். மியாஸ் கை காட்டினாள். ஒருவன் துறைவரை நடந்து, கவிழ்ந்து கிடக்கும் படகுகளைப் பார்த்துவிட்டு, "இன்று டால்பின் உண்டா?" என்றான்.

"செத்துவிட்டது," என்றான் சோயுன்.

"ஓ." அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். "எல்லாமுமா?"

சோயுன் அவன் முகத்தைப் பார்த்தான். "எல்லாமும்."

"இங்கே வேறென்ன பார்க்கலாம்?"

சோயுன் யோசித்தான். ஆறு, மணல், எதிர்க்கரை. "ஒன்றுமில்லை," என்றான்.

அவர்கள் இரண்டு மூங்கில்சோறு வாங்கினார்கள், தண்ணீர் வாங்கினார்கள், திரும்ப ஏறிக்கொண்டார்கள். ஓட்டுநர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். இவன் குரலையும் சோயுன் பேசிக் காட்டுவான். அவனே கேட்டுச் சிரித்திருக்கிறான்.

"ஏய், என்னப்பா இப்பிடி ஆயிப்போச்சு? நாளையிலேருந்து இங்க நிறுத்தவா வேணாமா? சொல்லு, மத்தவங்களுக்கும் போன் போட்டுச் சொல்லிடறேன்."

மியாஸ் கத்தியோடு நிமிர்ந்தாள். சரோம் அக்கா சீட்டுக் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நிறுத்தாதண்ணே," என்றான் சோயுன்.

"சரி," என்றான் ஓட்டுநர். இன்ஜினை அவன் அணைக்கவே இல்லை. கியரைப் போட்டான்.